பட்ஜெட்டுக்கு வழிவிட்ட கட்சித் தலைவர் பதவி விலக வேண்டுமா? பேராக் அனுபவம் சொல்வது என்ன?

அமெரிக்க அரசாங்கம் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள்கள் முடங்கிக் கிடந்தது. அந்நாட்டு வரலாற்றில் அதுவரை இவ்வளவு நீண்ட முடக்கம் நடந்ததில்லை. முடிவில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த எட்டு செனட்டர்கள் இறங்கிவந்து ஆதரவு கொடுத்ததால்தான் அரசு அலுவலகங்கள் திறந்தன. உடனே அடுத்த சண்டை ஆரம்பமானது. "நம்ம ஆளுங்களைக் கட்டுக்குள் வைக்க முடியாத தலைவர் எதற்கு? விலகிப் போகட்டும்!" என்று சக் ஷூமருக்கு எதிராக அவருடைய கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. இத்தனைக்கும் ஷூமர் அந்த உடன்பாட்டுக்கு எதிராகத்தான் வாக்களித்திருந்தார்.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதே கேள்வி 2020-இல் நம் நாடாளுமன்றத்திலும் எழுந்தது. விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையோ பேராக் மக்கள் 2009-லேயே நேரில் பார்த்துவிட்டார்கள். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்து விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

அரசாங்கம் முடங்குவது என்றால் என்ன?

அமெரிக்காவில் அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதாக்கள் நிறைவேறாவிட்டால், அத்தியாவசியம் அல்லாத அலுவலகங்கள் மூடப்படும். ஊழியர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இன்னொரு பகுதியினர் சம்பளம் இல்லாமலேயே வேலை செய்வார்கள். ஆனால் அதிபர் பதவியில் நீடிப்பார். அவரது அரசும் கவிழாது. பணம் மட்டும் நின்றுபோகும்.

செனட்டில் இத்தகைய மசோதாவை வாக்கெடுப்பு வரை நகர்த்த 100 பேரில் 60 பேரின் ஆதரவு தேவை. அதனால் சிறுபான்மையாக இருக்கும் கட்சிக்கும் தடுக்கும் பலம் உண்டு. அந்தப் பலத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்துவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் அங்குள்ள தலைவர்களுக்கு வரும் சோதனை.

மலேசியாவில் அப்படி நடக்குமா?

அதே வடிவத்தில் நடக்காது. காரணம் நம் ஆட்சிமுறை வேறு.

ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கம் தாக்கல் செய்யும் விநியோக மசோதாவை (நாம் பட்ஜெட் என்று சொல்வது) மக்களவை ஏற்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 100-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. அரசாங்கக் கடன் போன்ற சில செலவுகள் 98-ஆவது பிரிவின் கீழ் வருவதால், அவற்றுக்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்பு தேவையில்லை. மசோதா நிறைவேறும் வரை இடைக்காலச் செலவுக்கு அனுமதி தர 102-ஆவது பிரிவு நாடாளுமன்றத்திற்கு வழி விடுகிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மரபில் பட்ஜெட் தோற்றால் பிரதமருக்குப் பெரும்பான்மை இல்லை என்றுதான் அர்த்தம். ஒன்று அவர் பதவி விலக வேண்டும், இல்லையென்றால் நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி மாமன்னரைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் அலுவலகக் கதவு மூடும். இங்கே ஆட்சியே கவிழும். ஆகவே, பட்ஜெட்டை எதிர்க்கட்சி தடுத்தால் அதன் விளைவு இங்கே இன்னும் பெரியது. தடுக்காமல் விட்டால் வரும் கோபமும் பெரியதுதான்.

2020 நவம்பர் 26: என்ன நடந்தது?

அப்போது பிரதமர் முஹிடின் யாசினின் பெரும்பான்மை நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோவிட் பெருந்தொற்று உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம். அக்டோபர் கடைசியில், மக்கள் நலனுக்காக பட்ஜெட்டை ஆதரிக்கும்படி மாமன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். நவம்பர் 6-ஆம் தேதி நிதியமைச்சர் தெங்கு ஸஃப்ருல், 32,250 கோடி ரிங்கிட் மதிப்பிலான 2021 பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார்.

நவம்பர் 26 அன்று கொள்கை அளவிலான வாக்கெடுப்பு வந்தது. அரசாங்கம் கவிழும் என்று பலர் எதிர்பார்த்த நாள் அது. குரல் வாக்கெடுப்பு முடிந்ததும், ஒவ்வொருவர் வாக்கையும் எண்ண வேண்டும் என்று கோர குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தது 13 பேர்தான். எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் தம் அணியினரை எழ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பட்ஜெட் அந்தக் கட்டத்தைத் தாண்டியது.

வெளியே ஆதரவாளர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. "இவ்வளவு தூரம் வந்து இப்படி விட்டுக்கொடுத்துட்டாரே!" என்ற ஆதங்கம் பரவியது. தலைமைப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கலாமே என்ற பேச்சும் கிளம்பியது. டிசம்பர் 15 அன்று மூன்றாம் வாசிப்பில் எதிர்க்கட்சிகள் எதிர்த்து வாக்களித்தன. அப்போது 111-க்கு 108 என்ற கணக்கில், வெறும் மூன்று வாக்கு வித்தியாசத்தில் பட்ஜெட் நிறைவேறியது.

2021-இல் எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு

அடுத்த ஆண்டு இதே நிலைமை வேறு வடிவில் வந்தது. 2021 ஆகஸ்ட்டில் இஸ்மாயில் சப்ரி யாகோப் பிரதமரானார். அவருக்கும் மெல்லிய பெரும்பான்மைதான். செப்டம்பர் 13 அன்று அவரும் பக்காத்தான் ஹராப்பான் தலைவர்களும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

எதிரணி கொடுத்தது: பட்ஜெட்டை ஆதரிப்பது, அல்லது வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது. அதற்கு ஈடாக, 2022 ஜூலை 31 வரை நாடாளுமன்றம் கலைக்கப்படாது என்றும் உடன்பாடானது.

எதிரணி கேட்டது: கட்சித் தாவல் தடைச் சட்டம், 18 வயதில் வாக்குரிமை, பிரதமர் பதவிக்கு 10 ஆண்டு வரம்பு, நாடாளுமன்றக் குழுக்களில் சரிசமமான இடம் முதலியவை.

இதில் என்ன கிடைத்தது? 18 வயது வாக்குரிமை 2021 டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 ஜூலை 28 அன்று 209 வாக்குகளுடன் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 5-இல் அமலானது. பிரதமருக்கான 10 ஆண்டு வரம்பு அந்தக் காலகட்டத்தில் நிறைவேறவில்லை.

இதற்கும் விலை இருந்தது. 2021 நவம்பரில் மலாக்கா தேர்தலில் 28 தொகுதிகளில் ஐந்தையும், 2022 மார்ச்சில் ஜொகூரில் 56-இல் 12-ஐயும்தான் ஹராப்பான் பிடித்தது. "எதிர்க்கட்சின்னா எதிர்க்கணும். கைகுலுக்கினா மக்கள் எப்படி நம்புவாங்க?" என்று கேட்டவர்களுக்கு அந்த முடிவுகள் வலு சேர்த்தன.

விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பேராக் 2009

பேராக்கில் 2009-இல் நடந்தது பட்ஜெட் சண்டை அல்ல, ஆட்சி யாருடையது என்ற சண்டை. ஆனாலும் இரு தரப்பும் ஓர் அடிகூடப் பின்வாங்க மறுத்தால் ஒரு மாநிலம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நமக்கு இல்லை.

2008 மார்ச் தேர்தலில் 59 இடங்களில் 31-ஐப் பிடித்து பக்காத்தான் ராக்யாட் கூட்டணி ஆட்சியமைத்தது. பாஸ் கட்சியின் முகமட் நிசார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வ.சிவகுமார் சபாநாயகரானார். பேராக் சட்டமன்றத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

2009 பிப்ரவரியில் பேராங், சங்காட் ஜெரிங், ஜெலப்பாங் ஆகிய மூன்று தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சியை விட்டு வெளியேறி தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றார்கள். கணக்கு 28-க்கு 28 ஆனது, அந்த மூன்று பேர்தான் தராசு முள். சட்டமன்றத்தைக் கலைக்கும்படி நிசார் கேட்டார், சுல்தான் இணங்கவில்லை. பிப்ரவரி 6-இல் ஜம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

அதன்பிறகு ஒரு மாநிலத்தில் இரண்டு பேர் தாம்தான் மந்திரி பெசார் என்று சொன்னார்கள். சபாநாயகர் ஒரு தரப்பு, ஆட்சிக்குழு மறுதரப்பு. மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் போகவே, சிவகுமாரும் பக்காத்தான் உறுப்பினர்களும் ஈப்போவில் ஒரு மரத்தடியில் கூட்டம் நடத்தினார்கள். ஈப்போவாசிகளுக்கு அந்த 'ஜனநாயக மரம்' இன்றும் நினைவிருக்கும்.

சட்டமன்றம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூடியாக வேண்டும். கடைசியாகக் கூடியது 2008 நவம்பர் 13. எனவே 2009 மே 13-க்குள் கூட்டியே தீர வேண்டிய கட்டாயம். மே 7-ஆம் தேதி கூடியது. அன்று சிவகுமாரை நாற்காலியோடு சபைக்கு வெளியே இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது. அவருடைய இடத்தில் ம.இ.கா-வின் ஆர்.கணேசன் சபாநாயகராக்கப்பட்டார்.

நீதிமன்றத்திலும் இழுபறிதான். மே 11-இல் உயர் நீதிமன்றம் நிசாரே மந்திரி பெசார் என்றது. மே 22-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஜம்ரியின் நியமனம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. ஓராண்டு இப்படியே ஓடியது.

இது தலைவர்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ, லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பத்திற்கு ஒரு துண்டு வீட்டுமனை வேண்டுமென்றால், கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ நிலம் வேண்டுமென்றால், அந்த மனு போய்ச் சேருவது மாநில ஆட்சிக்குழுவிடம்தான். யார் ஆட்சிக்குழு என்பதே வழக்காக இருக்கும்போது, அந்த மனுவைப் போட்டவர் யாரைப் போய்க் கேட்பார்?

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 2009-இல் பேராக் ஆட்சியைச் சாய்த்தது மூன்று பேரின் கட்சித் தாவல். 2021-இல் "விட்டுக்கொடுத்துவிட்டார்கள்" என்று திட்டு வாங்கிய அந்த உடன்பாடுதான், தனி உறுப்பினர் கட்சி மாறினால் இடத்தை இழப்பார் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலங்களில் அது நடப்புக்கு வர அந்தந்த மாநில அரசியலமைப்பும் திருத்தப்பட வேண்டும். ஒரு கட்சியே மொத்தமாக அணி மாறுவதை அது தடுக்காது என்பதும் உண்மை.

பதவி விலகச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். அரசாங்கப் பதவி வேறு, கட்சிப் பதவி வேறு.

பெரும்பான்மையை இழந்த மந்திரி பெசார் விலக வேண்டும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. 2020 டிசம்பர் 4 அன்று, பட்ஜெட் குரல் வாக்கெடுப்பு நடந்து எட்டே நாளில், பேராக் மந்திரி பெசார் அஹ்மாட் ஃபைசால் அசுமு மீதான நம்பிக்கைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு 1. மறுநாளே அவர் விலகினார். டிசம்பர் 10-இல் சாரானி முகமட் பதவியேற்றார். ஆனால் ஃபைசால் பெர்சத்து கட்சியின் துணைத் தலைவராகத் தொடர்ந்தார். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது.

கட்சித் தலைவரை இறக்கவோ ஏற்றவோ அந்தக் கட்சி உறுப்பினர்களால்தான் முடியும். இதற்கும் பேராக்கிலேயே உதாரணம் உண்டு. 2008 தேர்தலில் ச.சாமிவேலு சுங்கை சிப்புட் தொகுதியை டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் இழந்தார். ம.இ.கா-வுக்கு மூன்று நாடாளுமன்ற இடங்களே மிஞ்சின. விலக வேண்டும் என்ற குரல் அன்றே எழுந்தாலும், 1979 முதல் தலைவராக இருந்த அவர் 2010 டிசம்பரில்தான் பொறுப்பை ஒப்படைத்தார். அவருக்கு முந்தைய தலைமுறையில், அதே சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி.சம்பந்தன் கட்சிக்குள் எழுந்த நெருக்கடியைத் தொடர்ந்து 1973-இல் தலைமையை விட்டு இறங்கினார்.

விலக வேண்டும் என்பவர்கள் சொல்வது

தலைவர் தனிமனிதர் அல்ல, வாக்காளர் கொடுத்த பலத்தைக் கையில் வைத்திருப்பவர். அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் வாக்குக்கு மதிப்பில்லை. ஒரு தடவை இறங்கிப் போனால், அடுத்த தடவை எதிர்த்தரப்பு இன்னும் அழுத்தும். வாசல் வரை ஆள்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கடைசி நேரத்தில் திரும்பச் சொல்பவரை யார் மறுபடி நம்புவார்கள்? இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

விட்டுக்கொடுத்த ஒவ்வொருவரையும் வெளியேற்றினால், பின்னால் வருபவர் விட்டுக்கொடுக்கவே பயப்படுவார். அமெரிக்காவில் 2023 செப்டம்பர் 30 அன்று மக்களவைச் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி, எதிர்க்கட்சி ஆதரவோடு இடைக்கால மசோதாவை நிறைவேற்றி முடக்கத்தைத் தவிர்த்தார். மூன்றே நாளில், அவருடைய கட்சியைச் சேர்ந்த எட்டுப் பேர் எதிர்த்தரப்போடு சேர்ந்து வாக்களித்ததால், 216-க்கு 210 என்ற கணக்கில் பதவி பறிபோனது. பிறகு மூன்று வாரம் அந்தச் சபைக்குச் சபாநாயகரே இல்லை. தலைவரை மாற்றியதால் எண்ணிக்கை மாறவில்லை. அடுத்து வந்தவருக்கும் அதே கணக்குதான்.

அப்படியானால் நீங்கள் எப்படி எடை போடுவது?

விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, கொடுத்ததற்கு ஈடாக என்ன வாங்கினார்? வாய்மொழியா, எழுத்தா? தேதி உண்டா? 2025-இல் அமெரிக்காவில் அந்த எட்டுப் பேர் சுகாதாரக் காப்புறுதி மானியம் பற்றி வாங்கியது, வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற உறுதிமொழி மட்டுமே. கோபத்துக்குக் காரணம் அதுதான். நம் நாட்டின் 2021 உடன்பாட்டில் பட்டியலும் காலவரம்பும் எழுத்தில் இருந்தன.

இரண்டு, தம் ஆள்களிடம் முன்கூட்டியே சொன்னாரா? 2020 நவம்பர் 26-இல் வலித்தது இதுதான். கடைசி நிமிடம் வரை சண்டை என்று நம்பியிருந்தவர்களுக்கு, முடிவு மட்டும் தெரிந்தது, காரணம் பிறகுதான் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பணத்தை நிறுத்தக்கூடாது என்பது நியாயமான காரணமாக இருக்கலாம். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

மூன்று, அவரைக் கேள்வி கேட்க வழி இருக்கிறதா? கட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்கிறதா, பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் எழுந்து பேச முடிகிறதா? இந்த வழி திறந்திருந்தால், உடனே விலகு என்ற கோஷத்துக்கு அவசியம் குறைவு. அடைபட்டிருந்தால், விலகல் கோரிக்கை ஒன்றுதான் உறுப்பினர் கையில் மிஞ்சும்.

மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்றால் அந்தத் தலைவர் இடம் விடுவதுதான் மரியாதை. ஈடு கிடைத்திருந்து, காரணம் சொல்லியிருந்து, தீர்ப்புக்கும் தலைவணங்குகிறார் என்றால், விட்டுக்கொடுத்தது ஒன்றுக்காகவே அவரை விரட்டுவதில் லாபமில்லை.

தம்புன் வாக்காளர் கொடுத்த பதில்

2020 நவம்பர் 26-இல் எழ வேண்டாம் என்று சொன்னவரும், டிசம்பர் 4-இல் நம்பிக்கை வாக்கில் தோற்றவரும் 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் ஒரே தொகுதியில் மோதினார்கள். ஈப்போவை ஒட்டிய தம்புன்தான் அந்தத் தொகுதி. அங்கே நடப்பு உறுப்பினரான ஃபைசாலை அன்வார் வென்றார். நவம்பர் 24-இல் பிரதமரானார்.

அதே தேர்தலில் பேராக் சட்டமன்றத்தில் பெரிக்காத்தான் நேஷனல் 26, பக்காத்தான் ஹராப்பான் 24, தேசிய முன்னணி 9 என்று பிரிந்தது. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 2009-இல் ஒருவரையொருவர் சபைக்கு வெளியே தள்ளிய இரண்டு அணிகளும் இந்த முறை ஒன்றாக உட்கார்ந்தன. 24 இடம் வைத்திருந்த ஹராப்பான், 9 இடம் வைத்திருந்த முன்னணியின் சாரானிக்கு மந்திரி பெசார் பதவியை விட்டுக்கொடுத்தது. தேர்தல் முடிந்து இரண்டே நாளில், நவம்பர் 21 அன்று, மாநிலத்துக்கு ஆட்சி கிடைத்தது. ஜ.செ.க-வின் சுங்காய் உறுப்பினர் அ.சிவநேசன் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார்.

அந்த விட்டுக்கொடுத்தல் சரியா என்று கேட்டால், அதே மூன்று கேள்விகளைத்தான் அதற்கும் போட வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் மசோதாக்கள் பற்றி என்ன பேசினார் என்பது நாடாளுமன்ற இணையத்தளத்தில் உள்ள அவைக் குறிப்பில் இருக்கிறது. கட்சி உறுப்பினராக இருந்தால் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இல்லாவிட்டால் சேவை மையத்துக்குப் போய்க் கேளுங்கள்: "ஐயா, அந்தப் பக்கம் விட்டுக் கொடுத்தீங்க, சரி. நம்ம தோட்டத்து மனை என்ன ஆச்சு?" கேள்வி இப்படிப் போனால், தலைவர் நீடிக்க வேண்டுமா விலக வேண்டுமா என்பதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே விடை கிடைத்துவிடும்.